பத்தின் தோள்மேல் நாலு

என் அக்கா மகள் பிரீத்தியோடு நான் பதினைந்து மாதம் பேசாமல் இருந்தேன். நிலத் தகராறு இல்லை, கல்யாணத் தகராறும் இல்லை. மாங்காய்த் தகராறு.

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் பாலசமுத்திரத்தில் எனக்கு ஆறு ஏக்கர் தோப்பு. அத்தனையும் கிளிமூக்கு மாங்காய். அது பெரும்பாலும் சித்தூர்ப் பக்கம் இருக்கும் மாம்பழக் கூழ் கம்பெனிகளுக்குத்தான் போகும். பிரீத்தி அப்படி ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஜூன் மாதம், நம் வீட்டுப் பெண் உள்ளே இருக்கிறாள் என்ற மிதப்பில் இரண்டு டிராக்டர் நிறைய ஏற்றிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். அவள் வெளியே வந்தாள். நாலு பழத்தை அறுத்தாள். சாற்றில் ஒரு சொட்டை ஒரு கருவியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இனிப்பு பன்னிரண்டுதான் இருக்கிறது, பதினாலு வேண்டும் என்றாள்.

"ரெண்டுதானே கொறையுது? மாமாவுக்காக எழுதிக்கக் கூடாதா?" என்றேன்.

"பன்னெண்டுன்னா பன்னெண்டுதான் மாமா" என்றாள்.

இரண்டு டிராக்டரும் வந்த வழியே திரும்பின. கம்பெனி வாசலில், வாட்ச்மேனும் டிரைவர்களும் பார்க்க, "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தேன். இந்த வருஷம் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவில் அவளே எதிரில் வந்து நின்றபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபம் எனக்கு அப்பா வழியில் வந்த சொத்து. அதில் மட்டும் பங்கு கேட்டு யாரும் வரவில்லை.

செப்டம்பரில் என் மனைவி தேவயானிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் சித்தூருக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா டெங்கு என்றார். பிளேட்லெட் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருந்தது. ரிப்போர்ட்டில் 1.4 லட்சம் என்று போட்டிருந்தது.

"ஒரு லட்சத்துக்கு மேல இருக்கிற வரைக்கும் வீட்டுலயே பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நிறைய தண்ணி குடிக்கணும். நாளை மறுநாள் திரும்ப டெஸ்ட் எடுங்க. லட்சத்துக்குக் கீழ போனா உடனே என்கிட்ட வாங்க. இருபதாயிரத்துக்குக் கீழ போச்சுன்னா இங்க வராதீங்க, நேரா திருப்பதி போயிடுங்க."

இதை வரி விடாமல் நான் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். ஊரில் யார் கேட்டாலும் ஒப்பித்தேன். பிளேட்லெட் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு இரண்டே நாளில் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் தேவயானிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நெற்றியில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சித்தூருக்குப் பஸ் ஏறினோம். முதல் தடவை போன லேப் அன்றைக்கு அடைத்திருந்ததால், எதிர் வரிசையில் புதிதாகத் திறந்திருந்த ஒன்றில் ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். டாக்டரம்மா சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் வருவாராம். அதுவரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம்.

பகல் ஒரு மணிக்கு என் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. ஆங்கிலத்தில் இருபது வரி. பிளேட்லெட் என்று இருந்த வரியில் 1.8 என்று பார்த்தேன். அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

"தேவயானி, ஒன்னு புள்ளி நாலு இருந்தது இப்ப ஒன்னு புள்ளி எட்டு! ஒரு லட்சத்து எண்பதாயிரம்! ஏறிக்கினு போவுது!" என்றேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவயானி லேசாகச் சிரித்தாள்.

காய்ச்சலும் விட்டுவிட்டது, எண்ணும் ஏறிவிட்டது. இதற்கு ஐந்து மணி வரை டாக்டருக்காகக் காத்திருப்பானேன்? அந்த வரியை மட்டும் திரையில் பெரிதாக்கி, அப்படியே படம் பிடித்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'தேவயானி பிளேட்லெட் 1.8. நார்மல். ஒன்னு இருபது பஸ்ஸுல ஊருக்குத் திரும்பறோம். ஏழுமலையானுக்கு முடி காணிக்கை' என்று கீழே எழுதினேன். கும்பிடுகள் மளமளவென்று விழுந்தன. கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முன் சீட்டுக்காரருக்கும் கண்டக்டருக்கும் கொடுத்தேன். தேவயானியிடம் ஒரு துண்டை நீட்டினேன். வாய் கசக்கிறது என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்தக் குழுவில் பிரீத்தியும் இருந்தாள். யாராவது ஒருவர் வெளியேறினால் அக்கா வருத்தப்படுவாள் என்று இரண்டு பேருமே அதில் ஒட்டிக்கொண்டிருந்தோம். பஸ் கிளம்பி ஐந்து நிமிஷத்தில் குழுவில் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. 'மாமா, முழு ரிப்போர்ட்டையும் அனுப்பு.'

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. ஊரே கும்பிடு போடுகிறது, இவளுக்கு மட்டும் ரிப்போர்ட் வேண்டுமாம். என் மாங்காயைச் சோதித்தது போதாதென்று என் பெண்டாட்டியின் ரத்தத்தையும் சோதிக்க வந்துவிட்டாள். உடனே போன் அடித்தது, அவள்தான். வெட்டினேன். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினேன். மூன்றாம் தடவை சத்தத்தையே நிறுத்திச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தேவயானியிடம் போன் இல்லை. வீட்டில் சார்ஜரில் கிடந்தது. லேபில் நோயாளியின் நம்பர் என்று கேட்ட இடத்தில் அந்த நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். லேப்காரர்களும் அதற்கு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பிரீத்தி வேலை பார்க்கும் கம்பெனி நாங்கள் போகும் சாலையிலேயேதான் இருக்கிறது. அது நெருங்கும்போது நான் வழக்கம்போல மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று டிரைவர் பிரேக்கை மிதித்தார். முன் கம்பியில் எல்லாரும் போய் மோதினோம். நடு ரோட்டில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டும் தலையில் நீல உறையும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

"சாவறதுக்கு என் பஸ்ஸுதான் கிடைச்சுதா?" என்று டிரைவர் தெலுங்கில் கத்தினார். அவள் அதைக் காதில் வாங்காமல் ஓடி வந்து ஏறினாள். ஏறியதும் நேராக என் சீட்டுக்கு வந்தாள்.

"மாமா, போனை எடு."

"எறங்கு கீழ" என்றேன். "மாங்காயத் திருப்பி அனுப்பின. இப்ப பஸ்ஸையும் திருப்பி அனுப்ப வந்துட்டியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பிரீத்தி சிரிக்கவில்லை. ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"திட்டு மாமா. அப்புறமா உக்காந்து நிதானமா திட்டு. இப்ப அந்த ரிப்போர்ட்டத் தொற. ஒன்னு புள்ளி எட்டு, அப்புறம் பெருக்கல் குறி, அப்புறம் பத்து. அந்தப் பத்தோட தோள்மேல பொடியா ஒரு நம்பர் இருக்கும். நீ அனுப்பின படத்துல அது அறுந்துபோய்க் கீது. எனக்கு அந்த ஒரு நம்பர் மட்டும் போதும். அஞ்சு இருந்தா நான் எறங்கிப் போய்க்கினே இருப்பேன். நாலு இருந்தா நீங்க ரெண்டு பேரும் எறங்கணும்."

"ஒன்னு புள்ளி எட்டுன்னா ஒன்னு புள்ளி எட்டுதான்! பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்னு நீதானே சொன்ன?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். என் முயலுக்கு அன்றைக்குக் காலே இல்லை. கண்டக்டர் வந்து, "ஏமய்யா, ஒரு நிமிஷம் காட்டிடேன், எனக்கு டைம் ஆவுது" என்றார். நான் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் கையை விலக்கிவிட்டுப் போனை எடுத்தது தேவயானி. நேராகப் பிரீத்தியிடம் கொடுத்தாள்.

பிரீத்தி ரிப்போர்ட்டைத் திறந்து, விரலால் நகர்த்தி, பார்த்தாள். பிறகு என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். 1.8 × 10⁴ என்று இருந்தது. அந்தப் பத்தின் மேலே, எறும்பு உட்கார்ந்த மாதிரி, ஒரு நாலு.

"ஒரு லட்சத்து எண்பதாயிரம் இல்ல மாமா" என்றாள். "பதினெட்டாயிரம்."

எனக்கு முதலில் புரியவில்லை. அடுத்து டாக்டரம்மா சொன்ன கடைசி வரி, 'இருபதாயிரத்துக்குக் கீழ போச்சுன்னா' என்ற வரி, ஞாபகம் வந்தது. நெட்டுருப் போட்ட வரி அல்லவா, வார்த்தை பிசகாமல் வந்தது.

அதற்குள் பிரீத்தி தேவயானியின் முன்னால் குனிந்துவிட்டாள். "அத்தை, வாயத் தொற."

தேவயானி தயங்கித் தயங்கித் திறந்தாள். பல் ஈறு முழுவதும் சிவப்பு. மைசூர்பாகை முடிந்து வைத்திருந்த முந்தானையிலும் நாலைந்து இடத்தில் சிவப்பு. அவள் துடைத்துத் துடைத்து உள்ளே மடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை.

"எப்பத்துலேர்ந்து?"

"காலையில பல்லு வெளக்கும்போது ஆரம்பிச்சுது. நிக்கல."

"ஏன் அத்தை சொல்லல?"

தேவயானி என்னைப் பார்த்தாள். "உங்க மாமா அவ்ளோ சந்தோஷமா கீறாரு. ஒன்னு புள்ளி எட்டுன்னு எல்லாருக்கும் ஸ்வீட்டு குடுத்துக்கினு கீறாரு. நான் எப்படிச் சொல்றது?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அத்தனை திட்டையும் சேர்த்தாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

இறங்கினோம். பஸ்ஸுக்குப் பின்னாலேயே கம்பெனியின் சின்ன வேன் என்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. டிரைவர் கங்கையா கதவைத் திறந்து வைத்திருந்தார். நாலா அஞ்சா என்று தெரிவதற்கு முன்பே பிரீத்தி வேனைக் கேட்டு வாங்கி நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். தேவயானியைப் பின் சீட்டில் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போனோம். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "அது இன்னாத்துக்கு அப்படி எழுதறாங்க? பதினெட்டாயிரம்னு எழுதினா கை தேஞ்சு பூடுமா?"

"அந்த மெஷின் அப்படித்தான் அடிக்கும் மாமா. தப்பு இல்ல. பத்து மேல நாலுன்னா, புள்ளிய நாலு வீடு வலது பக்கமா தள்ளணும். ஒன்னு புள்ளி எட்டுல மொதல் வீட்டுக்கு பதினெட்டு. ரெண்டாவது வீட்டுக்கு நூத்தி எண்பது. மூணாவதுக்கு ஆயிரத்து எண்ணூறு. நாலாவதுக்கு பதினெட்டாயிரம். அஞ்சுன்னு இருந்தா இன்னும் ஒரு வீடு போய் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆயிருக்கும்."

"ஒரு வீடு" என்றேன்.

"ஒரு வீடுதான். ஆனா பத்து மடங்கு."

எட்டாம் வகுப்பில் இது எனக்கும் பாடம்தான். அடுக்குக்குறியைத் தெலுங்கு மீடியத்தில் 'காதாங்காலு' என்று சொல்லிக் கொடுத்தார்கள். விவசாயம் பார்க்கப் போகிறவனுக்கு இது எதற்கு என்று வாத்தியாரிடம் எதிர்க்கேள்வி கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தவன் நான். அந்தக் கேள்விக்கு நாற்பது வருஷம் கழித்து, புத்தூர் ரோட்டில், வேனுக்குள் பதில் கிடைத்தது.

"நீ எப்படி அதக் கண்டுபுடிச்ச? நூறு பேரு பாத்தாங்க. யாரும் ஒன்னும் சொல்லல."

"நாங்க லேபுல நாள் பூரா இதத்தான் எழுதறோம். கூழுல கிருமி கீதான்னு பாக்கணும்ல? ஒரு கிராம் கூழ பத்து மடங்கு ஆவற மாதிரி தண்ணில கலக்கி, அதுலேர்ந்து கொஞ்சத்த எடுத்து மறுபடி அதே மாதிரி கலக்கி, அப்படியே அஞ்சு தடவை பண்ணி தட்டுல ஊத்தி வெப்போம். ரெண்டு நாள் கழிச்சு தட்டுல முப்பது புள்ளி முளைச்சிருக்கும். முப்பதுன்னு எழுதிட்டா கூழு நல்ல கூழு. எத்தினி தடவை கலக்கினோம்ன்றத தோள்மேல எழுதினாத்தான் அது முப்பது லட்சம்னு தெரியும். எங்களுக்கு முன்னாடி இருக்கிற நம்பர் அப்புறம்தான் மாமா. மொதல்ல தோளத்தான் பாப்போம். உன் படத்துல தோளே இல்ல."

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் கிரண்குமார் என்று சின்ன வயசுக்காரர் பார்த்தார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பதினாறாயிரம். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம் என்று சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. டெங்குவுல காய்ச்சல் விடுற நேரம்தான் ரொம்பக் கவனமா இருக்கணும்" என்றார். தேவயானியை உள்ளே கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலை பதினோராயிரத்துக்கு இறங்கியது. மூக்கிலும் ரத்தம் வந்தது. ரத்த வங்கியிலிருந்து மஞ்சளாக ஒரு பை வந்தது. அதுதான் பிளேட்லெட் என்றார்கள். யாரோ ஒருவர், பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, திருப்பதியில் எங்கேயோ உட்கார்ந்து கொடுத்தது. அந்த முகம் தெரியாதவருக்கு அன்றைக்கு நான் போட்ட கும்பிடை, ஏழுமலையானுக்கும் போட்டதில்லை. ஏழுமலையான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பகல் முழுவதும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் நானும் பிரீத்தியும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டுவதற்கு என்னைவிட்டால் யாரும் இல்லை. கொசுவைத் திட்டினேன். பிறகு, "அந்தக் கிருமி எத்தினி பெருசு இருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் 5 × 10⁻⁸ மீட்டர் என்று எழுதினாள். எட்டின் முன்னால் ஒரு சின்னக் கோடு.

"கழித்தல் குறி போட்டா புள்ளிய இடது பக்கமா தள்ளணும். எட்டு வீடு." பக்கத்திலேயே 0.00000005 என்று எழுதிக் காட்டினாள். "ஒரு மீட்டர் கோல ரெண்டு கோடி துண்டாக்கினா அதுல ஒரு துண்டு."

அந்தச் சுழிகளை விரல் வைத்து எண்ணினேன். இந்த வரிசையின் கடைசியில் ஒளிந்துகொண்டிருக்கும் ஒன்றுதான் உள்ளே என் மனைவியைப் படுக்கவைத்திருக்கிறது. ஆறடி ஆளிடம் கை ஓங்கத் தெரியும் எனக்கு. இதனிடம் என்ன செய்வது?

"உங்க அத்தைக்கு நேத்து எத்தினி பிளேட்லெட் இருந்திருக்கும்? மொத்தமா?"

அவள் அதையும் கணக்குப் போட்டாள். "பதினெட்டாயிரம்ன்றது ஒரு கடுகு அளவுகூட இல்லாத ஒரு துளிக்கு மாமா. அத்தை உடம்புல நாலு லிட்டர் ரத்தம்னு வெச்சிக்கினா, அந்த மாதிரி துளி நாப்பது லட்சம். நேத்து பஸ்ஸுல மொத்தம் 7.2 × 10¹⁰. நம்ம கணக்குல ஏழாயிரத்து இருநூறு கோடி."

"ஏழாயிரம் கோடி இருந்துமா பத்தலன்றாங்க!"

"பத்தாது மாமா. இதுமாதிரி பத்து மடங்கு இருக்கணும்."

அதாவது, இன்னும் ஒரு வீடு. நான் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக என் பக்கத்தில் படுத்துத் தூங்கும் பெண்ணுக்குள் எழுபதாயிரம் கோடிக்கு மேல் ஏதோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாள்கூட நான் அதை நினைத்துப் பார்த்தவனில்லை. அது பாட்டுக்கு ஓடியது, அவள் பாட்டுக்குச் சோறாக்கிப் போட்டாள், நான் பாட்டுக்குத் தின்றுவிட்டுக் கோபித்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அத்தனைக்கும் சேர்த்து மனசுக்குள் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் எண் பதினாலாயிரத்துக்கு ஏறியது. ஈறில் ரத்தம் நின்றது. பிறகு முப்பத்தொன்று. பிறகு அறுபத்திரண்டு. நர்ஸ் ஒவ்வொரு தடவையும் எண்ணைச் சொல்லும்போது நான் விடாமல், "ஆயிரம்தானேம்மா? எழுதிக் காட்டும்மா" என்று கேட்டேன். அந்தப் பெண் முதலில் முறைத்தாள். கடைசியில் நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஆயிரம்தான்யா, ஆயிரம்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

அறுபத்திரண்டாயிரம் ஆன அன்றைக்குத் தேவயானி எழுந்து உட்கார்ந்து, உப்பில்லாத ஆஸ்பத்திரிப் பொங்கலைத் தின்றுவிட்டு, இதைப் பொங்கல் என்று சொல்கிறவனைக் கூப்பிடு என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்தேன். லீவு போட்டுவிட்டு நாலு நாளாகக் கூடவே இருந்த பிரீத்தி, வேலைக்குத் திரும்புவதற்காகப் பையை எடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நானும் கூட நடந்தேன்.

"உன்னை ஒன்னு கேக்கணும்" என்றேன். "எங்க பஸ்ஸுக்கு குறுக்க வந்து நின்னியே, அப்பவே உனக்கு நாலுன்னு தெரியுமா?"

"தெரியாது மாமா. எப்படித் தெரியும்? அறுந்துதானே போயிருந்தது."

"அஞ்சா இருந்திருந்தா?"

"அஞ்சா இருந்திருந்தா பஸ்ஸே சிரிச்சிருக்கும். மாங்காய்க்குப் பழிவாங்க வந்தான்னு நீ ஊர் பூரா சொல்லியிருப்ப. எங்க மேனேஜரும் வேன எடுத்ததுக்கு வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பாரு." நடந்துகொண்டே சொன்னாள், என்னைப் பார்க்காமல். "ரோட்டுல நிக்கும்போது நான் அதத்தான் வேண்டிக்கினு இருந்தேன் மாமா. கங்கம்மா தாயே, அஞ்சா இருக்கணும், மாமா என்னைப் பஸ்ஸுல எல்லார் முன்னாடியும் கேவலமா திட்டி எறக்கி விடணும்னு."

அங்கேயே ஒரு பழக்கடை ஓரமாக நின்றுவிட்டேன். நான் எந்தச் சண்டையிலும் நான் சொன்னதே சரியாக இருக்க வேண்டும் என்றுதான் சாமியை வேண்டியிருக்கிறேன். தான் சொன்னது பொய்யாகிப்போக வேண்டும், தனக்கு அவமானம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு பெண் என் வீட்டுக்காக நடு ரோட்டில் கையை விரித்து நின்றிருக்கிறாள். அவளைத்தான் பதினைந்து மாதமாக முகத்தில் முழிக்க மாட்டேன் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

சொந்தத்துக்குள் நன்றி சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சொன்னால் பிரித்துப் பேசுவதாக நினைப்பார்கள். ஆனாலும் சொன்னேன். சின்னப் பெண் என்றுகூடப் பார்க்காமல், போகிற வருகிற ஜனம் பார்க்க, இரண்டு கையையும் குவித்துச் சொன்னேன்.

"அய்யோ மாமா, கையைக் கீழ போடு, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"பாக்கட்டும்" என்றேன்.